பகிர்ந்தோர் எத்தனை பேர்?

கையறுநிலை என்பது புறத்துறைகளுள் ஒன்று. தலைவன் இறந்துபட, அவனைச் சார்ந்தோர் செயலற்று நின்று இரங்குவது. இத்துறை பற்றிச் சென்ற ஆண்டு ஒரு கட்டுரை எழுதினேன். பாரி மாய்ந்தபின் கபிலர் நின்ற நிலையையும், நம்மூரில் முப்பத்தோராம் நாளில் அச்சிட்டு வழங்கும் கல்வெட்டுப் பாக்களையும் அருகருகே வைத்துப் பார்த்த கட்டுரை அது. ஓர் இணையத்தளம் அதனை வெளியிட்டது. மூன்று திங்கள் கழிந்தபின் அத்தளத்தாரிடமிருந்து ஒரு மடல் வந்தது. கட்டுரையின் அடியிலுள்ள பகிர்வுப் பொத்தானை அழுத்தினோர் பதினொருவர். முன்னர் நான் மேடைப் பேச்சாளரின் மொழிப் பிழைகளைச் சாடி எழுதியதைப் பகிர்ந்தோரோ பல நூற்றுவர். ஆதலின் இனி அவ்வகையானவற்றையே எழுதி உதவுக என்பது அதன் சாரம்.

பிறருக்குப் புள்ளியிட்டே முப்பது ஆண்டைக் கழித்தவன் நான். எனக்கே புள்ளி குறைந்தபோது சற்று உறைக்கத்தான் செய்தது. புள்ளி குறைந்த மாணாக்கன் முதலிற் செய்வது புள்ளியிட்ட முறையை ஆராய்வது. நானும் அதனையே செய்தேன்.

என் பழைய மாணாக்கர் ஒருவர் கணினித் தொழிலில் இருக்கிறார். ஒரு ஞாயிறு பிற்பகல் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து அவர் இதனை விளக்கினார். பகிர்வை அளக்கும் வழிகளுள் எளியது பொத்தானை எண்ணுவது. 2010 இல் பேஸ்புக் நிறுவனம் தன் விருப்பப் பொத்தானைப் பிற தளங்களிலும் பதிக்க இடங்கொடுத்தது. அதன்பின் கட்டுரை தோறும் எண் ஒன்று பட்டம் போல ஒட்டிக்கொண்டது. டுவிட்டர் நிறுவனம் 2015 நவம்பரில் தன் பொத்தானருகே காட்டிவந்த எண்ணை நீக்கிவிட்டது. எண்ணைக் கண்டு எழுத்தை மதித்துப் பழகியோர் அன்று திகைத்திருப்பர்.

இரண்டாவது வழி, கட்டுரைக்குச் செல்லும் தொடுப்பின் இறுதியில் ஒரு வால் கட்டி விடுவது. முகநூலில் இடும் தொடுப்புக்கு ஒரு வால், மின்னஞ்சலில் விடுப்பதற்கு வேறொரு வால். வருகிறவர் எந்த வாலைப் பிடித்து வந்தார் என்பது கணக்கில் ஏறும். 2005 இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்னும் நிறுவனத்தின் பெயர் இவ்வாற்குறிகளில் இன்றும் ஒட்டியிருக்கின்றதாம். எனக்கு இது புதிதாகப் படவில்லை. ஏடு பெயர்த்தெழுதினோர் இறுதியோலையில் தம் பெயரையும் ஆண்டையும் திங்களையும் பொறித்துவைத்தனர். சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர் எந்த ஏடு எங்கிருந்து வந்தது என்று ஆராய அத்தகைய குறிப்புக்களும் உதவும்.

மூன்றாவது வழி சுவையானது. வாசகரின் கருவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, தான் முன்னர் நின்ற பக்கத்தின் முகவரியையும் உடன் சொல்லும். 'எவ்விடத்திலிருந்து வருகிறீர்?' என்று வாயிலோன் வினவுவது போன்றது. இதற்கு ஆங்கிலத்தில் 'ரெபெரர்' என்று பெயர். அச்சொல்லில் இரட்டித்து வரவேண்டிய ஓரெழுத்து, விதி வகுத்தவரின் கைப்பிழையால் ஒற்றையாய் நின்றுவிட்டது. 1996 இல் வெளிவந்த விதிமுறை ஆவணத்தில் அப்பிழை அப்படியே ஏறிற்று. உலகத்துக் கணினிகள் இன்றும் அப்பிழையோடுதான் ஒன்றையொன்று வினவிக்கொள்கின்றன. திருத்தப் புகுந்தால் வேலை நடவாதாம். இதைக் கேட்டு நெடுநேரம் சிரித்தேன். நம்மவர் மரூஉ என ஒன்றை வகுத்தது வீண்போகவில்லை.

"ஐயா, பொத்தானை அழுத்தினவர் கட்டுரையைப் படித்தாரா என்பது பொத்தானுக்குத் தெரியாது" என்றார் மாணாக்கர். இது வெறும் ஊகமன்று. வாசிப்பை அளக்கும் சாட்பீற் நிறுவனத்தின் தலைவராயிருந்த ரோனி ஹெயில், பகிர்வுக்கும் மெய்யாகப் படிப்பதற்கும் இடையே தொடர்பெதனையும் காணவில்லை என்று 2014 இலேயே கூறினார். 2016 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தாரும் பிரான்சு நாட்டு இன்றியா ஆய்வு நிறுவனத்தாரும் செய்த ஆராய்ச்சி இன்னும் நுணுகியது. பெரிய செய்தி நிறுவனங்கள் ஐந்தின் தொடுப்புக்கள் டுவிட்டரில் எத்தனை முறை பகிரப்பட்டன என்பதையும், அத்தொடுப்புக்களை எத்தனை பேர் சொடுக்கினர் என்பதையும் அவர்கள் ஒப்புநோக்கினர். பகிரப்பட்ட தொடுப்புக்களுள் நூற்றுக்கு 59 ஒருவராலும் சொடுக்கப்படவே இல்லை. தலைப்பைக் கண்டு தலையசைத்து அடுத்தவர் கையிற் கொடுத்தாயிற்று. பரீட்சை மண்டபத்தில் வினாவைப் பாராமலே விடை எழுதும் மாணாக்கர் சிலரை நானறிவேன்; இவர்கள் அவர்க்கு உறவினர் போலும்.

இவற்றினும் என்னை நிறுத்திவைத்தது மற்றோர் ஆராய்ச்சி. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனா பேர்கரும் கதரின் மில்க்மனும் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் கட்டுரைகள் ஏறத்தாழ 7,000 எடுத்து, மிகுதியாக மின்னஞ்சலில் அனுப்பப்பட்டவை எவ்வுணர்ச்சியைத் தூண்டுவன என்று பார்த்தனர். முடிவு 2012 இல் வெளிவந்தது. வியப்பூட்டுவன மிகப் பரவின. சினமூட்டுவனவும் கவலையூட்டுவனவும் பரவின. துயரந்தருவனவோ பின்தங்கின. மெய்ப்பாட்டியல் படித்தவருக்கு இது தெரிந்த வீடு. மருட்கையும் வெகுளியும் அச்சமும் ஒருவனை எழுந்து ஓடச் செய்வன. அழுகை அவனை இருந்த இடத்தில் இருத்துவது. தொல்காப்பியர் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளுள் அழுகையும் ஒன்று. அது மற்றவற்றிலும் தாழ்ந்ததென்று எவ்வுரையாசிரியரும் சொன்னதாக நான் படித்ததில்லை. பகிர்வெண்ணே அளவுகோலானால், தாழ்த்துவது மட்டுமன்று, அழுகைக்குப் பக்கமே இல்லாமற் போகும். தளத்தார் என்னிடம் வேண்டியது கட்டுரையன்று, வெகுளி. இழவு காணாத வீடு அரிதாகிவிட்ட இந்நாட்டில், அவ்வேண்டுகோளுக்கு நான் இசையவில்லை. நயமாகவே மறுமொழி எழுதினேன். பின்னர் அவர்கள் எதனையும் கேட்கவில்லை.

ஆயினும் மாணாக்கர் விடவில்லை. தளத்தாரின் இசைவோடு கையறுநிலைக் கட்டுரையின் வருகைக் கணக்கைப் பார்த்தார். வந்தோருட் பெரும்பாலார்க்கு 'எங்கிருந்து' என்னும் இடம் வெறுமையாயிருந்தது. அலெக்சிஸ் மட்ரிகல் என்பவர் 2012 இல் அத்லாந்திக் இதழில் இவ்வெறுமையைப் பற்றி எழுதி, இருளில் நிகழும் பகிர்வு என்னும் பொருள்பட அதற்குப் பெயரும் இட்டார். அவருடைய வாதம் எளியது. கட்டுரையொன்றின் நீண்ட முகவரியை எழுத்தெழுத்தாகத் தட்டி வருவார் எவருமிலர். ஆகவே முகவரி சொல்லாது நேரே வந்தவருக்கு யாரோ ஒருவர் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ அத்தொடுப்பைக் கொடுத்திருத்தல் வேண்டும். தம் இதழுக்குச் சமூகத் தொடர்பால் வந்தோரிற் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வழியாக வந்தனர் என்று அவர் கணக்கிட்டார். இந்நாளில் நம்மவர் கையிலுள்ள வட்ஸ்அப்பும் அவ்வழியே. அதில் ஒருவர்க்கொருவர் விடுப்பதைப் பிறர் படிக்க ஒண்ணாதபடி 2016 ஏப்பிரல் முதல் எல்லார்க்கும் மறைகுறி இட்டிருக்கிறார்கள்.

துயரம் தனிவழியே மிகுதியாகச் செல்லும் என்று இதனைக்கொண்டு நான் முடிவுகட்டப் புகவில்லை. மின்னஞ்சலும் தனிவழியே, அங்கும் துயரம் பின்தங்கியதைத்தான் மேலே கண்டோம். என் கட்டுரைக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு திங்களுக்கு முன் வன்னியில் ஒரு வீட்டு அந்தியேட்டிக்குப் போயிருந்தேன். இறந்தவர் என்னோடு சில காலம் படிப்பித்தவர். உணவுக்குப் பின் கல்வெட்டை எல்லார் கையிலும் கொடுத்தார்கள். நாலாம் பக்கத்தில், பாக்களுக்கு முன், உரைநடையில் ஒரு பந்தி. இரண்டு வரி படித்ததும் அது என்னுடையது என்று கண்டுகொண்டேன். எழுதியவர் பெயர் இல்லை. 'கையறுநிலை' என்பது 'கையறைநிலை' ஆகியிருந்தது. என் கை தன்னறியாமல் சட்டைப் பையிலுள்ள பேனாவுக்குப் போயிற்று. மீட்டுக்கொண்டேன்.

"இதை எங்கே எடுத்தீர்கள், பிள்ளை?" என்று அவ்வீட்டு மகளைக் கேட்டேன்.

"கனடாவில இருக்கிற தம்பி வட்ஸ்அப்பில அனுப்பினவன் ஐயா. ஆர் எழுதினதெண்டு அவனுக்கும் தெரியாது. அம்மா திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டவ. அதுதான் போட்டனாங்கள்."

எத்தனை பிரதி அச்சிட்டீர்கள் என்று கேட்டேன். கேட்டபின்தான், தளத்தார் பேசிய மொழியை நானும் பேசிவிட்டேன் என்று உணர்ந்தேன்.

"இருநூறு அடிச்சனாங்கள் ஐயா. காணேல்லை" என்றாள்.