தொட்டிக்கு அடியில் யாரை விடலாம்?

அறிவியல் கூடத்து வாசலில் இருக்கிற மீன் தொட்டியை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. நீளம் 3 அடி, அகலம் 1 அடி, உயரம் 1 அடி. விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 85 லிட்டர் பிடிக்கும். மோலி, பிளாட்டி, ஏஞ்சல் எல்லாம் சேர்ந்து வாழ்கிற நன்னீர்த் தொட்டி அது. அதில் நாங்க செய்த ஒரு தப்பையும், அதுக்கப்புறம் கத்துக்கிட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

போன வருஷம் கண்ணாடியில் பச்சைப் பாசி படிந்தது. "ஒரு டேங்க் கிளீனர் போடுங்க, அப்புறம் கழுவவே வேண்டாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, விரல் நீளத்தில் ஒரு சக்கர் மீன் வாங்கி விட்டோம். முதல் இரண்டு மாதம் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம்!

ஆனால் சக்கர் மீன் விரல் அளவிலேயே நிற்காது. தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த இந்த மீன் ஒன்றரை அடி வரை வளரக்கூடியது. வளர வளரப் பாசி போதாது. நிறையத் தின்னும், அதைவிட நிறையக் கழிவு போடும். எங்க டேங்க் கிளீனர் போட்ட கழிவைத்தான் நாங்க வாராவாரம் அள்ளினோம்! பசி வந்தால் ராத்திரியில், மெதுவாக நீந்தும் தட்டையான மீன்களின் மேல் ஒட்டி, உடம்பில் உள்ள வழுவழுப்பைச் சுரண்டித் தின்னும். ஒரு திங்கட்கிழமை காலையில் ஏஞ்சலின் ஒரு பக்கம் செதில் போய் வெள்ளையாக இருந்தது. மூன்றாம் நாள் அது செத்து மிதந்தது.

"அதை ஆத்துல விட்ருவோம்ல, பொழைச்சுப் போவட்டும்" என்று பாதிப் பேர் சொன்னாங்க. கேட்க நல்ல மனசாகத்தான் தெரியும். எங்க சார் வேண்டாம் என்று தடுத்து, காரணத்தையும் சொன்னாங்க. சக்கர் மீன் கரையில் ஆழமாகப் பொந்து தோண்டித்தான் முட்டையிடும். வாயால் காற்றை விழுங்கி வயிற்றின் வழியே மூச்சு விடும். அதனால் தண்ணீர் வற்றினாலும் சீக்கிரம் சாகாது. முள்ளான துடுப்பு வலையைக் கிழிக்கும். தின்ன வரும் மீனும் குறைவு. தொட்டியிலிருந்து தப்பியதும் விட்டதுமாக மேற்கு வங்கம், ஆந்திரா, கேரளா, தமிழ்நாடு என்று பல இடங்களில் பரவிவிட்டது. இலங்கை நீர்த்தேக்கங்களிலும் இருக்கிறது.

நம்ம ஊருக்குக் குடிதண்ணீர் தாமிரபரணியிலிருந்து வருகிறது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் வரிசையாகக் குளங்களை நிரப்புகின்றன. அந்தக் குளத்துக் கரை எல்லாம் மண் கரை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்து, குளங்கள் உடைந்து, வெள்ளம் வீட்டுக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அந்த மாதிரிக் கரையில் பொந்து விழுந்தால் என்ன ஆகும்? ஒரு குளத்தில் விட்ட மீன் வெள்ளத்தோடு எத்தனை குளத்துக்குப் போகும்? அப்புறம் யாரும் 'ஆத்துல விடுவோம்' என்று பேசவில்லை. பெரிய தொட்டி வைத்திருக்கிற ஒரு மீன் கடை அண்ணன் திருப்பி வாங்கிக்கிட்டாங்க.

சரி, அப்போ அடியில் யாரை விடலாம்?

கடையில் முதலில் காட்டுவது கோரி என்கிற சின்னக் கெளுத்தி. 2 அங்குலம்தான் வளரும், யாரையும் தொந்தரவு செய்யாது. ஆனால் தனியாக விடக்கூடாது, 6 பேராவது கூட்டமாக வேணும். கீழே விழுந்த தீனியைத் தின்னுமே தவிர, பாசியையோ கழிவையோ தொடாது. அதுக்கென்று மூழ்கும் தீனி தனியாகப் போடணும். நம்ம ஊர் மே மாத வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும், அது கோரிக்குச் சிரமம்.

எனக்குப் பிடித்தது அயிரை. ஆமாம், குழம்பு வைக்கிற அதே அயிரைதான்! நம்ம ஆறு, வாய்க்கால் மணலில் வாழ்வதால் நம்ம வெயில் அதுக்குப் பழக்கம். மீசையால் மணலைத் துழாவி மிச்சத் தீனியைப் பொறுக்கும். பயந்தால் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். துள்ளிக் குதிக்கும், அதனால் மூடி கட்டாயம்.

திருகாணி மாதிரி நீளமான கூம்பு நத்தையும் நல்லதுதான். பகலில் மணலுக்குள் ஊர்ந்து அதைக் கிளறிவிடும். நத்தை திடீரென்று பெருகினால் நாம தீனி அதிகம் போடுகிறோம் என்று அர்த்தம். தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். கொடுக்குள்ள ஆற்று இறால் மட்டும் வேண்டாம், தூங்குகிற மீனைப் பிடித்துவிடும். (நம்ம கடலில் இந்த வேலைக்குக் கடல் அட்டை இருக்கு. மணலை விழுங்கி, அதிலுள்ள மட்கைச் செரித்துவிட்டு மணலை வெளியே தள்ளும். 2001 முதல் அதைப் பிடிக்கத் தடை. எப்படியும் அது உப்புத்தண்ணீர்ப் பிராணி.)

மணல் விஷயத்திலும் நாங்க ஏமாந்தோம். கடற்கரை மணலும் சிப்பி ஓடும் போட்டால் அழகாக இருக்கும் என்று நினைத்தோம். முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்காவிட்டாலும் சிப்பி ஓடு நம்ம ஊரில் பல வீட்டில் கிடக்குமே! ஆனால் சிப்பியில் இருப்பது சுண்ணாம்பு. மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். மோலி தாங்கும், அமேசான் மீன்களுக்கு ஆகாது. கூரான ஓடு மீசையையும் தேய்த்துவிடும். இப்போது நன்றாக அலசிய ஆற்று மணல்தான் போட்டிருக்கோம்.

இன்னொன்று. அயிரையும் தின்னுவிட்டுக் கழிவு போடும் பிராணிதான். கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது பில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா. பஞ்சைக் குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் கழுவினால் அது செத்துப்போகும், தொட்டித் தண்ணீரிலேயே பிழியணும். நைட்ரேட்டைக் குறைக்க வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றணும். புதுத் தண்ணீரை வாளியில் ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுகிறோம். பாசியைப் பழைய பஞ்சால் நாங்களே துடைக்கிறோம், பத்து நிமிஷ வேலை.

இப்போது தொட்டியில் 5 அயிரை இருக்கு. ஏரல் பக்கத்து வாய்க்காலில் இருந்து நண்பனின் மாமா கொண்டு வந்தாங்க. ஒரு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டோம். இடைவேளையில் பார்க்க வாங்க. இடது மூலையில் மணலுக்கு மேலே இரண்டு கண் தெரியும். கண்ணாடியை மட்டும் தட்டாதீங்க, உடனே உள்ளே போயிடும்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு