மலிவுப் பின்னலாடையின் மறைவிலை: நொய்யலை முன்வைத்து

வால்மார்ட் போன்ற தள்ளுபடிப் பேரங்காடிகள் பின்னலாடையின் விற்பனை விலையையே முதலில் முடிவு செய்கின்றன. அடக்க விலை அதற்குள் அடங்கியாக வேண்டும். நூல் விலை திருப்பூர் ஏற்றுமதியாளரின் கையில் இல்லை. ஆகவே நெருக்கடி, தையற்கூலியின் மீதும் கிலோக் கணக்கில் பேசப்படும் சாயக்கூலியின் மீதும் இறங்குகிறது.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு மிகுதியாகத் தேவை. அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை, கழிவுநீரோடு வெளியேறிவிடும். 1990களில் அமைந்த சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைக் குறைத்தனவேயன்றி உப்பை நீக்கவில்லை. நீக்கும் செலவு சாயக்கூலியில் சேரவில்லை. ஆடை அந்த அளவுக்கு மலிவாயிற்று. பாசனத்திற்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையோ சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. கிணறுகள் உவர்த்தன, உழவர் நீதிமன்றம் சென்றனர்.

கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றலாகாது என்னும் ஆணை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் செய்தது. அதன் பின்னரே சவ்வூடு வடிகட்டல், ஆவியாக்கல் ஆகியவற்றின் செலவு சாயக்கூலியில் முறையாக ஏறியது. அப்போதும் முழுமையாக அன்று: பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. விட்டுக்கொடுக்கப்பட்ட அவ்வட்டியும் வரி செலுத்துவோர் வழங்கிய தள்ளுபடியே.

இதே நிபந்தனை இல்லாத நாடுகளின் ஆடையோடுதான் திருப்பூர் ஆடை அங்காடியில் விலைக்குப் போட்டியிடுகிறது. மீட்கப்படும் உப்பின் பெரும்பகுதி மீண்டும் சாயத்திற்குப் பயன்படுகிறது. பயன்படாத கலப்பு உப்பு, மூட்டைகளாகச் சுத்திகரிப்பு நிலையக் கொட்டகைகளில் குவிகிறது.