கண்ணும் சுண்ணாம்புச் சத்தும்

"கண்ணுக்கும் கால்சியத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று என் தமக்கையார் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து. அவர் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து, கார்டன் ரீச்சில் எங்களோடு தங்கியிருக்கிறார். மாதவிடாய் நின்று பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. விரல் நுனியில் மதமதப்பு, கெண்டைக்கால் பிடிப்பு, இரு கண்ணிலும் மங்கல். "வயசாச்சு, எலும்பு தேஞ்சுது, கண்ணும் போச்சு" என்று நாங்கள் எல்லோரும் விட்டுவிட்டோம். அது பிழை. நான் வைத்தியன் அல்லன், தானிய வியாபாரி. படித்தும் மருத்துவரிடம் கேட்டும் அறிந்ததை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்.

நம் உடம்பிலுள்ள கால்சியத்தில் நூற்றுக்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது சொற்பம்: நூறு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம். கடைக்காரன் பாஷையில் சொன்னால், எலும்பு பெட்டகம், இரத்தம் கல்லாப்பெட்டி. மாதவிடாய் நின்றபின் எஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் பெட்டகம் கரைகிறது. ஆனால் கல்லாவில் இருப்பு குறைவதில்லை. கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் கோதுமை மணி அளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் பெட்டகத்திலிருந்து எடுத்துக் கல்லாவை நிரப்பிவிடும். ஆகவே மாதவிடாய் நின்றதனால் மட்டும் இரத்தக் கால்சியம் குறைந்து கண் கெடுவதில்லை.

இச்சுரப்பியை முதலில் கண்டது மனிதரிடத்தில் அன்று. 1850 வாக்கில் லண்டனில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன் அதைக் குறித்துவைத்தார். மனிதரிடத்தில் விவரித்தவர் சுவீடனின் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம், 1880இல்.

கணக்கு எங்கே உதைக்கிறது? தைராய்டு அறுவையின்போது இச்சுரப்பிகள் சேதப்பட்டால் கல்லா காலியாகும். விழிலென்ஸைச் சுற்றியுள்ள நீரிலும் கால்சியம் குறையும். அப்போது லென்ஸின் உயிரணுச் சவ்வு காவல் தளர்ந்து, உப்பும் நீரும் உள்ளே புகுந்து, லென்ஸ் வெளுக்கும். அதுவும் கண்புரையே. என் தமக்கையார் கழுத்தில் பழைய அறுவைத் தழும்பு இருந்ததை மருத்துவர்தான் கவனித்தார். இரத்தம் பார்த்ததில் கால்சியம் 6.8. மாத்திரையும், வைட்டமின் டியின் ஒரு தனி வகையும் கொடுத்து, அளவு சீரானபிறகே புரையை எடுத்தார்கள். விழுந்த புரையை மாத்திரை கரைக்காது என்பதையும் அறிக.

அறுவைக்குப்பின் கண் உறுத்தியது. "இன்னும் ரெண்டு கால்சியம் போடட்டுமா?" என்றார். வேண்டாம் என்று தடுத்தார் மருத்துவர். கருவிழியில் இரத்தக்குழாய் கிடையாது. அதன் மேற்பரப்பை ஈரமாக வைத்து ஆற்றுவதில் கண்ணீருக்கே பெரும்பங்கு. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கண் உலர்வது அதிகம், அதனால் புண் ஆறத் தாமதமாகலாம். அதற்கு மருந்து கண்ணீர்ச் சொட்டுதான், கால்சியம் அன்று. மிதமிஞ்சிய கால்சியம் கருவிழியில் வெள்ளைப் பட்டையாகப் படிவதும் உண்டு, சிறுநீரகத்தில் கல்லும் ஆகும்.

பெட்டகத்தைக் காப்பது உணவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வயதுவந்தவர்க்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 என வகுத்தது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் சின்ன மீனை முள்ளோடு தின்னச் சொன்னார், நமக்கு அது ஆகாது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. எள், பால், தயிர், கீரை இருக்கவே இருக்கின்றன. வெயிலும் வேண்டும். திருப்பதியில் மாதவிடாய் நின்ற பெண்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டதில், பத்தில் எட்டுப் பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. அடுக்குமாடியில் அடைந்து கிடக்கும் நம் வீட்டுப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. ஆகவே விடியலில் தைராய்டு மாத்திரை, மதியச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம், அந்திக்கு முந்திய உணவோடு மற்றொன்று என்று மருத்துவரே வகுத்துக் கொடுத்தார்.

அக்கா இப்போது எள்ளில் கல் பொறுக்குகிறார். வீட்டில் பெரியவர்கள் விரல் மதமதக்கிறது என்றால், வயசு என்று சொல்லுமுன் கழுத்தைப் பாருங்கள், இரத்தத்தைச் சோதியுங்கள்.