ஹார்மோன் மேல் பழி, களிம்பின் கைவேலை

கும்ப மாதத்தில் ஆற்றுகால் பொங்கலுக்குத் திருவனந்தபுரத்தின் கரமனைத் தெருக்களில் அடுப்பு மூட்டும் பெண்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் ஏராளம். செங்கல் அடுப்பின் அனல் கீழிருந்தும் வெயில் மேலிருந்தும் மணிக்கணக்கில் முகத்தைத் தாக்கும். சில நாள் கழித்துக் கன்னத்தில் மங்கு கறுத்துத் தெரியும். மலையாளத்தில் கரிமங்கல்யம் என்பார்கள். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மருந்து எடுத்துக்கொள்பவராக இருந்தால், பழி உடனே அந்த மருந்தின்மேல் விழும். "அதை நிறுத்துங்கோ மாமி, எல்லாம் சரியாயிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். மருந்து நிற்கும். கூடவே மெடிக்கல் ஸ்டோரில் ஒரு ட்யூப் களிம்பும் வாங்கப்படும். என் கவலையெல்லாம் அந்த ட்யூப்தான்.

ஹார்மோனுக்கு இதில் பங்கே இல்லையென்று நான் வாதாடவில்லை. ஈஸ்ட்ரோஜன் தோலின் நிறமிச் செல்களைத் தூண்டும், மங்கை ஆழப்படுத்தும். புரோஜெஸ்டிரான் வகை மருந்துகளில் சில, முகப்பருவைக் கிளப்பும். ஆனால் மருந்தே இல்லாமல் போனாலும் தோல் சும்மா இருப்பதில்லை. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாண்டில் தோலின் கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதம் அளவில் தேய்ந்துகொண்டே வருகிறது. வறட்சி, அரிப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு எல்லாம் ஈஸ்ட்ரோஜன் குறைவால் வருபவை. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் 51. நம் பெண்களின் தோல் அந்தக் குறைவோடு கூடுதலாக நாலைந்து ஆண்டு வாழ வேண்டியிருக்கிறது.

இது இயற்கை, மருந்தே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அது அவரவர் முடிவு. தோலுக்காக மட்டும் ஹார்மோன் தொடங்குவதை மருத்துவ வழிகாட்டுதல்களும் ஏற்பதில்லை. உடல் தகிப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்வு என்று தகுந்த காரணத்துக்காக எடுத்துக்கொள்கிறவர், தோலில் ஏதோ வந்ததென்று அதைத் தூக்கிப் போடுவதுதான் தப்பு. அதைவிட ஆபத்து ஒன்று இருக்கிறது. பருவுக்குப் பயந்து புரோஜெஸ்டிரான் மாத்திரையை மட்டும் விட்டுவிட்டு ஈஸ்ட்ரோஜனைத் தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பப்பை உள்ளவருக்கு அதன் உட்சுவர் தடித்து, புற்றுநோய் வரை போகலாம். மாத்திரையின் வகையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். தானாக நிறுத்தவே கூடாது.

தோலில் ஒட்டும் ஹார்மோன் வில்லைகள் நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் வாங்கி வருவதும் நடக்கிறது. அதை எப்படி ஒட்டுவது என்று சொல்லித்தரத்தான் கூட யாரும் வருவதில்லை. அடிவயிறு, பின்புறம் ஆகிய இடங்கள் ஏற்றவை. மார்பில் கூடாது. பாவாடை நாடா இறுகும் இடுப்பிலும் கூடாது. உரசி உரசிப் புண்ணாகும், வில்லையும் கழன்றுவிடும். உடம்பில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் இங்கே இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கில் வில்லை ஒட்டாது என்பதை மட்டும் நினைவில் வைத்து, வில்லை மாற்றும் நாளையும் எண்ணெய்க் குளியல் நாளையும் பிரித்துக்கொண்டால் போதும். எடுத்தபின் தோலில் நிற்கும் பசையைச் சுரண்டாமல், அதே எண்ணெயைத் தொட்டு மெல்லத் துடைக்கலாம். ஒட்டிய இடத்திலேயே மறுபடி ஒட்ட ஒரு வாரமாவது இடைவெளி வேண்டும்.

வில்லை இருந்த இடம் ஒன்றிரண்டு நாள் சிவந்து தானாக மறைந்தால் பயமில்லை. சிவப்பு வில்லையின் ஓரத்தைத் தாண்டிப் பரவி, அரித்து, கொப்புளமானால் அது பெரும்பாலும் பசையின் ஒவ்வாமை. அப்போதும் பொதுவாகக் குற்றவாளி ஹார்மோன் அல்ல. ஜெல்லுக்கோ மாத்திரைக்கோ மாறினால் தீரும். ஜெல்லில் ஆல்கஹால் இருப்பதால் தோல் கொஞ்சம் வறளும்; கையிலோ தொடையிலோ தடவி உலரவிட்டு, ஒரு மணி நேரமாவது நீர் படாமல், வேறு கிரீம் பூசாமல் இருக்க வேண்டும். பேரக்குழந்தையைத் தூக்குமுன் தடவிய இடத்தைத் துணியால் மூடிக்கொள்வது முக்கியம். மருந்து குழந்தையின் தோலுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

இனி அந்த ட்யூப். முகத்தின் கருமைக்கென்று கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளில் பல, மூன்று மருந்துகளின் கலவை: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே மோமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு. முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று வெளுக்கும். அந்த இரண்டு வாரத்தை நம்பி இரண்டு ஆண்டு பூசுகிறார்கள். நிறுத்தினால் சிவந்து எரியும். அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். ரத்த நாளக் கோடுகள் தெரியும், முகத்தில் முடி வளரும், தோல் காகிதமாக மெலியும். ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால் நீலக் கருமை படிந்துவிடும், அதை எடுப்பது பெரும்பாடு. ஈஸ்ட்ரோஜன் குறைந்து ஏற்கெனவே மெலிந்த தோலின்மேல் இதைப் பூசுகிறோம். காலையில் ஹார்மோன் எடுத்துக்கொள்கிற பெண், இரவில் ஸ்டீராய்டு பூசித் தோலைக் கரைக்கிறாள்.

அந்தரங்க இடத்து அரிப்புக்கும் இதே கதை. வெட்கத்தால் மருத்துவரிடம் போகாமல், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த ட்யூபை மாதக்கணக்கில் பூசுகிறார்கள். அது வெறும் வறட்சியாக இருக்கலாம். அப்படியானால் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீமே போதும். வெள்ளைத் திட்டாகத் தோன்றும் லைக்கன் ஸ்க்ளிரோசஸ் என்ற தோல் நோயாகவும் இருக்கலாம். அதற்கு வீரியமான ஸ்டீராய்டு தேவைதான், ஆனால் மருத்துவர் கண்காணிப்பில்.

2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்து இத்தனை ஆண்டாகியும் கேட்டால் கிடைக்கிறது. 2023-இல் மலப்புரத்தில் முகம் வெளுக்கும் கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது. அந்த கிரீம்களில் பாதரசம் இருந்தது. அதே ஆண்டு 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் மாநிலமெங்கும் சோதனை நடந்தது. அதன் பிறகும் பெயர் தெரியாத ட்யூபை ஒருவர் நீட்டினால் நாம் கை நீட்டி வாங்கலாமா?

மங்குக்கு முதல் மருந்து குடைதான். காலை 10 மணி முதல் மதியம் 3 மணி வரை வெயிலைத் தவிர்ப்பதும், எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத, இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனைத் திரும்பத் திரும்பப் பூசுவதும் கலவைக் களிம்பைவிட நெடுநாள் உதவும். பலன் தெரிய மாதங்கள் ஆகும், பொறுக்க வேண்டும்.

சில அறிகுறிகளுக்குப் பொறுமையே கூடாது. ஒரு காலின் ஆடுசதை மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கி வலித்தால் அது தோல் நோய் அல்ல, ரத்தக் கட்டியாக இருக்கலாம். தடிப்பு ஏதும் கண்ணுக்குத் தெரியாமல் உடம்பு முழுக்க அரித்து, கண் மஞ்சளித்தால் கல்லீரலைப் பார்க்க வேண்டும். முலைக்காம்பில் ஆறாத சொறியும், மார்புத் தோலில் குழிவும் அதேபோல் அவசரம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு, முகத்துக்கும் உடம்புக்கும் பூசுகிற ஒவ்வொரு ட்யூபையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ட்யூபின் பின்புறம் க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மோமெட்டசோன், ஃப்ளுவோசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. எத்தனை மாதமாகப் பூசுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஹார்மோனைத் தொடர்வதா விடுவதா என்ற பேச்சு அதற்கப்புறம் நடக்கட்டும்.