அம்மாவின் அலுமாரியில் ஒரு வைன் போத்தல்

கடந்த ஆவணி மாதம் பரிசில் இருந்து வந்த சித்தி, அம்மாவுக்கென்று இரண்டு சொக்லேற் பெட்டிகளும் ஒரு சிவப்பு வைன் போத்தலும் கொண்டு வந்திருந்தார். "அக்கா, இது சாராயம் மாதிரி இல்லை, மருந்து. பொம்பிளையள் ராவில ஒரு சின்னக் கிளாஸ் குடிச்சா ஹார்ட்டுக்கு நல்லதாம். நித்திரையும் வரும்" என்றார்.

சாராய மணத்துக்கே முகம் சுளிக்கும் அம்மா, 'நித்திரை' என்ற சொல்லில் நின்றுவிட்டார். 2009 இல் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்த நாள் முதல் அவர் ஓர் இரவை முழுதாக உறங்கி நான் கண்டதில்லை. வயது 63. குருதி அமுக்கத்துக்கும் நீரிழிவுக்கும் மாதாமாதம் கிளினிக் போகிறார். அன்றிரவு மெதுவாகக் கேட்டார்: "குடிச்சுப் பாக்கட்டே பிள்ளை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இதே செய்தி வாட்ஸ்அப்பில் எத்தனையோ தடவை எனக்கு வந்திருக்கிறது. வெட்கத்தோடு சொல்வதானால், நானும் ஒருமுறை அதை மற்றவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். இம்முறை உட்கார்ந்து தேடி வாசித்தேன்.

கதை தொடங்கியது சித்தி வாழும் பிரான்சைப் பற்றித்தான். பிரெஞ்சுக்காரர் வெண்ணெயும் சீஸும் கொழுப்பு இறைச்சியும் தாராளமாக உண்கிறார்கள், ஆனாலும் அவர்களிடையே மாரடைப்பு குறைவாக இருக்கிறதே, ஏன்? 1991 நவம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி இந்தக் கேள்வியை ஒளிபரப்பியது. சிவப்பு வைன் காரணமாக இருக்கலாம் என்று அதில் சொல்லப்பட்டதும் அங்கே வைன் விற்பனை பாய்ந்து ஏறியது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர் சேர்ஜ் ரெனோவும் சக ஆய்வாளர் ஒருவரும் 'லான்செற்' மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதினர். 'பிரெஞ்சு முரண்' என்ற பெயர் உலகம் முழுவதும் பரவியது.

முந்திரிகைப் பழத்தோலில் உள்ள ரெஸ்வெரட்றோல் என்ற பொருளே இதயத்தைக் காக்கிறது என்று பிறகு சொல்லப்பட்டது. ஆனால் ஒரு லீற்றர் சிவப்பு வைனில் அது சில மில்லிகிராம் அளவே இருக்கும். இத்தாலியின் கியாந்தி பகுதியில், வைனுக்குப் பேர்போன ஊர்களில், 65 வயதுக்கு மேற்பட்ட 783 பேரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்தார்கள். உடலில் ரெஸ்வெரட்றோல் கூடுதலாக இருந்தவர்களுக்கு இதயநோயோ மரணமோ குறையவில்லை என்று 2014 இல் முடிவு வெளியானது. அதற்கு முன்னரே, 2012 இல், இந்தப் பொருளைப் பற்றிப் பல கட்டுரைகள் எழுதிய டீபக் தாஸ் என்ற ஆய்வாளர் தரவுகளைப் புனைந்திருந்தார் என்று அவர் பணியாற்றிய கனெக்டிகட் பல்கலைக்கழகமே அறிவித்தது.

அப்படியானால் கொஞ்சமாகக் குடிப்பவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று அத்தனை ஆய்வுகளும் எப்படிச் சொல்லின? எங்கள் ஊரில் சைக்கிள் ஓடும் முதியவர்களையும் ஓடாத முதியவர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஓடாதவர்களில் பலர் ஏற்கெனவே முழங்கால் வலியோ இளைப்போ வந்து சைக்கிளை விட்டவர்கள். 'குடிக்காதவர்' என்ற பட்டியலிலும் அப்படித்தான், நோய் வந்த பிறகு குடியை விட்டவர்கள் நிறையப் பேர் கலந்திருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் யாரும் ஆரோக்கியமாகத்தான் தெரிவார்கள். அதோடு மேற்கு நாடுகளில் அளவாக வைன் குடிப்பவர்களில் பலர் வசதியானவர்கள், நல்ல உணவு உண்பவர்கள், உடற்பயிற்சி செய்பவர்கள். இந்தக் குழப்பங்களைச் சரிசெய்து, 107 ஆய்வுகளில் உள்ள 48 இலட்சம் பேரின் தரவுகளை 2023 இல் மீண்டும் கணக்கிட்டார்கள். குறைவாகக் குடித்ததால் ஆயுளுக்குக் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட நன்மை அங்கே காணாமற் போய்விட்டது. பெண்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் மதுசாரத்திலிருந்தே, அதாவது ஏறத்தாழ இரண்டு கிளாஸ் வைனிலிருந்தே, மரண ஆபத்து தெளிவாக உயர்ந்தது.

இதய விடயத்தில் இன்னும் வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் குடிக்காத ஒருவரை இதயத்துக்காகக் குடிக்கத் தொடங்குமாறு அமெரிக்க இதயச் சங்கம் சொல்வதில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார ஸ்தாபனம் 2023 ஜனவரியில் அறிவித்தது.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எங்கள் உடல்களில் நீரின் பங்கு ஆண்களை விடக் குறைவு என்பதால் அதே ஒரு கிளாஸ் குருதியில் அதிகம் ஏறுகிறது. நாளொன்றுக்கு 10 கிராம் மதுசாரம், ஒரு சின்னக் கிளாஸை விடவும் குறைவான அளவு, மார்பகப் புற்றுநோய் ஆபத்தை 7 முதல் 10 வீதம் வரை கூட்டுகிறது. வாட்ஸ்அப் செய்திகளில் இந்த வரி மட்டும் எப்போதும் விடுபட்டிருக்கும்.

அம்மாவின் குளிசைகளை எடுத்துப் பார்த்தேன். மெற்போமின், கிளிக்லசைட், குருதி அமுக்கக் குளிசை. கிளிக்லசைட் எடுப்பவர் இரவில் சாப்பிடாமல் குடித்தால் சீனி ஆபத்தாக இறங்கிவிடலாம். மெற்போமினோடு அதிகம் குடித்தால் குருதியில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. குருதி அமுக்கத்தையும் மதுசாரம் உயர்த்துகிறது. நித்திரை? முதலில் வரும்தான். பின்னிரவில் குழம்பி விழிப்பைத் தரும், அம்மா ஏற்கெனவே விழித்திருக்கும் அதே நேரத்தில்.

ஆனால் இந்தத் தேடலில் என்னை நிறுத்தி வைத்தது வைன் அல்ல. அமெரிக்காவில் ஏறத்தாழ 50,000 பெண் தாதியரை 20 ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வு 2015 இல் வெளியானது. பெரும் அதிர்ச்சியைச் சந்தித்து, அதன் பின் நித்திரையின்மை, திடுக்கிடல், மீண்டும் மீண்டும் வரும் நினைவுகள் போன்ற பல அறிகுறிகளோடு வாழ்ந்த பெண்களுக்கு, அதிர்ச்சி எதையும் சந்திக்காதவர்களை விட மாரடைப்பும் பக்கவாதமும் 60 வீதம் கூடுதலாக வந்தன. அவர்கள் போரைக் கண்டவர்கள் அல்லர். பதுங்குகுழிகளில் பிள்ளைகளை அணைத்துக் கிடந்த எங்கள் பெண்களின் இதயங்களைப் பற்றி யார் கணக்கெடுத்தார்கள்? நித்திரை வரவில்லை என்பதை 'வயசு போனால் அப்பிடித்தான்' என்று நாங்களும் கடந்து வந்திருக்கிறோம்.

அடுத்த கிளினிக் நாளில் நானும் கூடப் போனேன். நித்திரை இல்லை என்பதை அம்மா முதல் தடவையாக வைத்தியரிடம் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் விசாரித்துவிட்டு உளநலப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தந்தார். பெண்களுக்கு மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வராது என்றும் சொன்னார். காரணமில்லாத களைப்பு, ஓங்காளம், தாடையிலோ முதுகிலோ நோவு, மூச்சு வாங்கல் என்றும் வரலாம். அப்படி வந்தால் வாயு என்று ஓமத்தண்ணி குடித்துக் காத்திருக்காமல் 1990 இலவச அம்புலன்ஸை அழைக்க வேண்டும். 35 வயதைக் கடந்தவர்கள் சுகவனிதையர் கிளினிக்கிலும் குருதி அமுக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

போத்தல் இன்னும் உடைக்கப்படாமல் அலுமாரியில், சேலைகளுக்குப் பின்னால் இருக்கிறது. சித்திக்குச் சொல்ல வேண்டாம் என்பது அம்மாவின் கட்டளை. மார்கழியில் கேக்குக்கு விடலாமோ என்று பக்கத்து வீட்டு அன்ரியிடம் விசாரித்துக் கொண்டிருக்கிறார்.