இடைநின்ற பட்டப்படிப்பைத் தொடர விரும்புவோர் கவனத்திற்கு

க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் தகைமை பெற்றும் பல்கலைக்கழக அனுமதி கிடைக்காதோர் ஆண்டுதோறும் பெருந்தொகையினராக உள்ளனர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களிலும், 2009 வரை நீடித்த யுத்தத்தினால் பலமுறை இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களிலும் கல்வியை இடைநடுவில் கைவிட்டோர் பலர். அவர்களுட் சிலர் பதவியுயர்வு கருதியோ, நிறைவேறாத ஆசையினாலோ இன்று மீண்டும் படிக்க முன்வருகின்றனர். இம்முயற்சி வரவேற்கத்தக்கது. ஆயினும் காலத்தையும் செலவையும் கணக்கிடாது தொடங்கினால் இரண்டாவது தடவையும் கைவிட நேரிடும்.

இத்தகையோருக்கு 1980 இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் முக்கியமானதொரு வாய்ப்பாகும். உயர்தரத் தகைமை இல்லாதோரும் அடிப்படைக் கற்கைநெறியினூடாக அங்கு பட்டப்படிப்பை நோக்கி முன்னேறலாம். யாழ்ப்பாணம், பேராதனை, கிழக்கு, தென்கிழக்கு முதலிய பல்கலைக்கழகங்களும் வெளிவாரிப் பட்டங்களை வழங்கி வந்துள்ளன. விரும்பும் பாடம் தமிழ்மொழி மூலம் நடத்தப்படுகின்றதா என்பதை விண்ணப்பிக்கு முன்னரே விசாரித்தறிதல் அவசியம்.

அடுத்தது காலம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பொதுப் பட்டமொன்றுக்கு 90 கிரெடிட்கள் தேவை. ஒரு கிரெடிட் என்பது சுமார் 50 மணிநேரக் கற்றலாகும். அதாவது மொத்தம் 4500 மணிநேரம். தொழில் புரியும் ஒருவர் வாரத்துக்கு 15 மணிநேரம் ஒதுக்கினால், ஆண்டுக்கு 750 மணிநேர வீதம் ஆறு ஆண்டுகள் செல்லும். இதனை மூன்று ஆண்டுகளில் முடிக்க முயல்வோர் வாரத்துக்கு 30 மணிநேரம் படித்தாக வேண்டும். எனவே முதலாண்டில் குறைந்த பாடங்களையே பதிவு செய்வது நன்று. மேற்பாடங்களுக்கு அடிப்படையான பாடங்களையும், ஆண்டுக்கொருமுறை மட்டும் நடைபெறும் பாடங்களையும் முதலில் முடிக்க வேண்டும். பரீட்சைத் திகதிகள் அறுவடைக் காலத்துடனோ நோன்பு மாதத்துடனோ பொருந்துகின்றனவா என்பதையும், பதிவின் உச்சக்கால எல்லையையும் கவனித்தல் வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை பாடக் கட்டணம் ஒரு பகுதி மட்டுமே. பதிவு, பரீட்சை, சித்தியடையாத பாடத்தை மீளப் பதிதல், பிராந்திய நிலையத்துக்கான பிரயாணம், தங்குமிடம், இணைய வசதி, விடுமுறையினால் இழக்கும் மேலதிகக் கொடுப்பனவு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். முதலாண்டுச் செலவை முன்கூட்டியே சேமித்த பின்னர் பதிவு செய்வது, நகையை அடகு வைத்துத் தொடங்குவதிலும் பாதுகாப்பானது. வெளிநாட்டு நாணயத்தில் கட்டணம் அறவிடும் கற்கைநெறிகளில் மேலும் எச்சரிக்கை தேவை. 2022 இல் சில வாரங்களுக்குள் டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை உயர்ந்தமை மறக்கக்கூடியதன்று.

முன்னர் படித்த பாடங்களுக்கு விலக்களிப்பு உண்டெனக் கூறப்பட்டால், பணம் செலுத்துமுன் அதனை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். தனியார் நிறுவனமாயின், பல்கலைக்கழகச் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் குறித்த பட்டத்தை வழங்கும் அங்கீகாரம் அதற்கு உண்டா என ஆராய்தல் இன்றியமையாதது. விளம்பரத்தை மட்டும் நம்பாது, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும், பதவியுயர்வு நோக்கமாயின் தமது திணைக்களத்திடமும் வினவுதல் வேண்டும்.

குடும்பப் பொறுப்புகளுக்கு மத்தியில் சேமித்த பணமும் உறக்கத்தைத் துறந்து பெற்ற நேரமும் இப்படிப்பில் முதலிடப்படுகின்றன. அவை வீணாகாதிருக்க, விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன்னர் ஆறு ஆண்டுகளுக்கான கணக்கொன்றைக் குடும்பத்தினருடன் அமர்ந்து எழுதிப் பார்ப்பது விவேகமானதாகும்.