இலக்கணம் படித்த விசைப்பலகை

கார்த்திகை தீபம் நெருங்கிவிட்டால் திருவண்ணாமலையின் டிடிபி கடைகளுக்கு ஓய்வு கிடையாது. அன்னதான நோட்டீஸ், வரவேற்பு பேனர், நன்கொடை ரசீது என்று வேலை குவியும். கன்ட்ரோலோடு சி தட்டினால் நகல், வி தட்டினால் ஒட்டல், இசட் தட்டினால் செய்தது ரத்து: இந்தக் குறுக்குவழிகள் உலகத்துக்கே பொது. தமிழுக்கென்று தனியாக ஒன்று உண்டு. அது எழுத்துகளை அடுக்கிய விதத்திலேயே ஒளிந்திருக்கிறது. பெயர் தமிழ்99.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான விசைப்பலகை இது. அதே ஆண்டு தமிழக அரசு இதை ஏற்றுக்கொண்டது.

தமிழில் 247 எழுத்து. ஆங்கிலப் பலகையில் இருப்பதோ 26 எழுத்து விசை. எப்படிக் கொள்ளும்? உயிர் 12, மெய் 18, ஒரு புள்ளி. மொத்தம் 31 விசை; எழுத்து விசை போதாததற்கு நிறுத்தற்குறி விசைகள் ஐந்து கைகொடுக்கின்றன. ஷிஃப்டைத் தொடவே வேண்டாம். (ஆய்தத்துக்கு மட்டும் ஷிஃப்ட், அது எத்தனை முறை வந்துவிடப் போகிறது!) 216 உயிர்மெய்களையும் மென்பொருளே சேர்த்துத் தரும். 'த' தட்டி 'இ' தட்டினால் 'தி'.

உயிரெல்லாம் இடக்கைப் பக்கம். மெய்யில் வ, ங தவிர மற்றவை வலக்கைப் பக்கம். தமிழ்ச் சொல்லில் மெய்யும் உயிரும் அடுத்தடுத்து வருவதால், தவில் வாசிப்பதைப் போல இரு கையும் மாறி மாறி இயங்கும். அடிக்கடி தேவைப்படும் அ, இ, உ, எ, க, ப, ம, த, ந எல்லாம் விரல் இயல்பாகப் படியும் நடு வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன.

இனிமேல்தான் அசல் வித்தை. 'திருவண்ணாமலை' என்று அடித்துப் பாருங்கள்: த, இ, ர, உ, வ, ண, ண, ஆ, ம, ல, ஐ. 11 தட்டு. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் 16, அதிலும் இரண்டு 'ண'வுக்கும் ஷிஃப்ட் பிடிக்க வேண்டும். கணினி இந்தப் பெயரை யூனிகோடில், அதாவது எழுத்துக்கு ஓர் எண் தரும் உலகப் பொதுக் குறியீட்டில், 12 எண்களாகச் சேமிக்கிறது. நாம் தட்டியது 11 தானே? மிச்சம் ஒன்று, 'ண்'ணின் புள்ளி. அதை வைத்தது இயந்திரம்.

ஒரே மெய் இரண்டு முறை தொடர்ந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். 'அண்ணாமலையாருக்கு' என்ற சொல்லில் இரண்டு புள்ளி. விரல் ஒன்றைக்கூட வைக்காது. பள்ளியில் படித்த இன எழுத்தும் இதற்குத் தெரியும். 'ங' வந்து 'க' வந்தால் 'ங்க'. ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற எல்லாவற்றுக்கும் இதே கதை. வேகத்துக்காக வடிவமைத்தவர்கள் நன்னூல் பக்கம் போனது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

இவ்வளவு இருந்தும் பல டிடிபி கடைகளில் இன்னும் பழைய தட்டச்சுப் பொறியின் எழுத்தடுக்குதான் ஓடுகிறது. டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறிய விரலை மாற்றுவது லேசல்ல. பழகிய கையின் வேகத்தோடு புதியவர் போட்டி போடவும் முடியாது. புதிதாகக் கற்பவர் மட்டும் தமிழ்99-இல் தொடங்குவதே லாபம் என்பேன்.

தொடங்குகிறவருக்கு 'குங்குமம்' நல்ல பயிற்சி. 'ங்'கின் புள்ளி தானாக வந்துவிடும். ஆனால் கடைசியில் ம, ம என்று தட்டினால் பலகை அதையும் இரட்டித்த மெய் என்று எடுத்துக்கொண்டு 'ம்ம' போட்டுவிடும். அதைத் தடுக்க முதல் 'ம'வுக்குப் பிறகு ஒரு 'அ' தட்ட வேண்டும். திரையில் ஒன்றும் மாறாது. 'இந்த மகரத்துக்குப் புள்ளி வேண்டாம்' என்று இயந்திரத்துக்குச் சொல்லியாகிவிட்டது. பிறகு இன்னொரு 'ம', இடக்கை ஆள்காட்டி விரலால் ஒரு புள்ளி.